கைதட்டியவர்கள் யார்?

1934 டிசம்பர் கடைசி வாரம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் மொழிப் பேராசிரியர்களின் வருடாந்திரக் கூட்டம் நடந்தது. நவீன மொழிச் சங்கம் என்பது அமைப்பின் பெயர். நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி: நீக்ரோ நாட்டுப்பாடல்களும் கதைப்பாடல்களும், வழங்குவோர் ஜான் லோமாக்ஸ், ஆலன் லோமாக்ஸ், உதவி, லூயிசியானாவைச் சேர்ந்த நீக்ரோ பாடகர் ஒருவர். அவ்வளவுதான். பாடியது அந்த 'ஒருவர்'. பன்னிரண்டு கம்பி கித்தாரை வாசித்தது அவர். பாட்டுக்கு நடுவே கதை சொன்னதும் அவர்தான். ஆனால் நிரலில் அவர் 'உதவி'. பெயர்கூட அச்சாகவில்லை.

அவர் பெயர் ஹடி லெட்பெட்டர். லெட் பெல்லி என்பது பட்டப்பெயர். அன்றைய வெள்ளைக்காரப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியதைத் தமிழில் கொண்டுவந்தால் 'அவன்' என்றுதான் போட வேண்டியிருக்கும். நான் 'அவர்' என்றே எழுதுகிறேன். நம்ம அப்பனையும் பாட்டனையும் பொடிப்பயலெல்லாம் 'வாடா போடா' என்று கூப்பிட்ட ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இந்த 'ர்' சின்ன விஷயம் இல்லை.

பேராசிரியர்கள் ரசித்தார்கள், கைதட்டினார்கள். பாடி முடித்ததும் லெட் பெல்லி தொப்பியை எடுத்து நீட்டினார். சில்லறை விழுந்தது. தெற்கே ஒரு கறுப்பர் வெள்ளைக்காரரிடம் எப்படி நன்றி சொல்லியாக வேண்டுமோ அப்படிச் சொன்னார். சபைக்கு அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகத்தான் தெரிந்திருக்கும்.

நாட்டார் பாடகர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பாடியவரைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். எங்கே பிறந்தார், யாரிடம் கற்றார், எத்தனை பாட்டு தெரியும் என்றெல்லாம். முன்னால் உட்கார்ந்தவர்களைப் பற்றி எழுதுவதில்லை. 'மக்கள் ரசித்தனர்' என்று ஒரு வாக்கியத்தில் தீர்த்துவிடுகிறார்கள். எந்த மக்கள்? எதை ரசித்தார்கள்? லெட் பெல்லியின் வாழ்க்கையில் இந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறது. ஏனென்றால் ஒரே ஆள், ஏறக்குறைய அதே பாட்டுகள், ஆனால் சபை மாறிக்கொண்டே இருக்கிறது. சபை மாற மாற, அவர் யாராக இருக்கலாம் என்பதும் மாறுகிறது.

முதல் சபை அவருடைய சொந்த சனம். 1888 வாக்கில் லூயிசியானாவில், டெக்சாஸ் எல்லைக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா பருத்திக் குடியானவர், பாடுபட்டுச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் சேர்த்தவர். சனிக்கிழமை ராத்திரிகளில் கறுப்பர் வீடுகளில் ஆட்டம் நடக்கும். அந்தப் பக்கத்தில் 'சூக்கி ஜம்ப்' என்பார்கள். வீட்டுச் சாமானை ஒதுக்கிப் போட்டுவிட்டு விடிய விடிய ஆடுவார்கள். இளவயது ஹடி அங்கே வாசித்தார். அந்தச் சபை உட்கார்ந்து கேட்ட சபை இல்லை, ஆடிய சபை. காலில்தான் அவர்களுடைய விமர்சனம். தாளம் தவறினால் ஆட்டம் நின்றுபோகும். பாட்டுக்கு விளக்கமும் தேவைப்படவில்லை. பருத்தி எடுப்பதைப் பற்றிய பாட்டை, பகல் முழுக்கப் பருத்தி எடுத்துவிட்டு வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லையே!

அடுத்த சபை சிறை. சொந்தக்காரர் ஒருவரைக் கொன்ற வழக்கில் 1918இல் அவருக்கு டெக்சாசில் 7 முதல் 30 ஆண்டு வரை தண்டனை. சுகர்லேண்ட் என்ற ஊரில் சிறைப் பண்ணை. பெயரைப் பாருங்கள், சர்க்கரை பூமி. அடிமை முறை ஒழிந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகும் கறுப்பர்களை வைத்துக் கரும்பு வெட்ட அரசு கண்டுபிடித்த வழி அது. அங்கே கவர்னர் பாட் நெஃப் வருவார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளிகளையும் கூட்டி வருவார், இவர் பாட்டைக் கேட்க. கைதி மன்னிப்புக் கேட்டு ஒரு பாட்டுக் கட்டிப் பாடினார். கவர்னர் ரசித்தாராம். விடுவேன், ஆனால் இப்போது இல்லை, பாடுவதற்கு ஆள் வேணுமே என்றாராம். இது லெட் பெல்லியே பின்னாளில் சொன்ன கதை. யாருக்கும் மன்னிப்புத் தருவதில்லை என்று பேசிப் பதவிக்கு வந்த நெஃப், 1925 ஜனவரியில் பதவியிலிருந்து இறங்கும்போது அவரை விடுவித்தார். குறைந்தபட்சத் தண்டனையான ஏழு ஆண்டு அநேகமாக முடியும் சமயம் அது. ரசிகராக இருப்பதற்கும் எசமானாக இருப்பதற்கும் அங்கே வித்தியாசம் இல்லை. எவ்வளவு பிடித்ததோ அவ்வளவு நாள் உள்ளே!

1930இல் மறுபடியும் சிறை, இந்த முறை லூயிசியானாவின் அங்கோலா. 1933 ஜூலையில் ஜான் லோமாக்ஸ் ஒலிப்பதிவு எந்திரத்தோடு அங்கே வந்தார். நாட்டார் பாடல் சேகரிப்பவர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக வந்தவர். மறு ஆண்டு திரும்ப வந்து இன்னும் பதிவு செய்தார். 1934 ஆகஸ்ட் 1 அன்று லெட் பெல்லி விடுதலையானார். பாட்டு கவர்னரின் மனசை உருக்கிவிட்டது, இரண்டாவது முறையும் பாடியே வெளியே வந்தார் என்று கதை கிளம்பியது. நன்னடத்தைக்குத் தண்டனை குறைக்கும் சட்டப்படியே விடுதலை என்று சிறை நிர்வாகம் எழுத்திலேயே சொன்னது. ஆனாலும் கதைதான் நின்றது. ஏன்? அது கேட்கிறவர்களுக்கு இதமான கதை. சிறையும் சட்டமும் கரும்புத் தோட்டமும் அதில் மறைந்துபோகிறது. கொலைகாரக் கறுப்பரும் இளகிய மனசுள்ள வெள்ளைக் கவர்னரும் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

அந்தக் கதையோடுதான் அவரை வடக்கே கொண்டுபோனார்கள். லோமாக்சுக்குக் கார் ஓட்டினார், வேலை செய்தார், மேடையில் பாடினார். 1935 ஜனவரியில் நியூயார்க் பத்திரிகை ஒன்று, கொலைகளுக்கு நடுவே இரண்டு பாட்டுப் பாட வந்திருக்கிறார் சதுப்புநிலத்து இன்னிசைப் பாடகர் என்ற தோரணையில் தலைப்புப் போட்டது. அவருக்குக் கோட்டு, சூட்டு, கழுத்துப்பட்டை பிடிக்கும். மடிப்புக் கலையாமல் உடுத்துகிறவர். மேடைக்கோ உழவுக்காட்டு உடுப்புதான் பொருத்தம் என்று லோமாக்ஸ் நினைத்தார். அதே ஆண்டு 'மார்ச் ஆஃப் டைம்' என்ற செய்திப்படத்தில் இரண்டு பேரும் தாங்களாகவே நடித்தார்கள். விடுதலையான மனிதர் மறுபடியும் கைதியின் கோடுபோட்ட சட்டை மாட்டிக்கொண்டு, எசமானே என்று கூப்பிட்டுக் கெஞ்சினார். நாடெங்கும் திரையரங்குகளில் ஓடியது.

இந்த இடத்தில்தான் அவருடைய கதை சொல்லல் வருகிறது. வடக்கத்திக்காரர்களுக்கு அவருடைய பேச்சு வழக்கு புரியவில்லை, பாட்டின் உலகமும் தெரியாது. பாட்டுக்கு முன்னால் பேச வேண்டியிருந்தது, பல்லவிக்கும் அடிக்கும் நடுவிலும் பேச வேண்டியிருந்தது. தண்டவாளம் போடுகிறவர்கள் ஏன் இப்படிக் கூவுகிறார்கள், காளை ஏன் நகர மாட்டேன் என்கிறது, ரயில் எந்த ஊரைத் தாண்டிப் போகிறது என்று சொல்லிக்கொண்டே கம்பியை மீட்டுவார். சொல்லும்போதே பாட்டாகிவிடும், பாடும்போதே பேச்சாகிவிடும். லோமாக்ஸ்தான் தூண்டினார் என்பது உண்மை. ஆனால் எனக்கென்னவோ அது வெறும் விளக்கவுரையாகத் தெரியவில்லை. தன்னைக் காட்சிப்பொருளாகப் பார்க்க வந்த கூட்டத்துக்குத் தன் ஊரையும் தன் சனத்தின் உழைப்பையும் அந்த மனிதர் சொன்னார். பெயர் அச்சாகாதவர், வாயைத் திறந்து பேச இடம் பிடித்துக்கொண்டார். பின்னாளில் வந்த இசைத்தட்டுகளைக் கேட்டால் பேச்சு எங்கே முடிகிறது என்றே பிடிபடாது. நம்ம ஊர் உடுக்கடிக் கதைக்காரர்களைக் கேட்டவர்களுக்கு இந்த வித்தை அந்நியமாக இருக்காது.

வருமானத்தில் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு. மற்ற இரண்டும் அப்பனுக்கும் பிள்ளைக்கும். பாட்டுகளின் உரிமையிலும் லோமாக்ஸ் பெயர் சேர்ந்தது. அந்த ஒரு பங்கையும் மொத்தமாகக் கையில் தரவில்லை, செலவழித்துவிடுவாராம்! 1935 மார்ச்சில், ஒரு சுற்றுப்பயணத்தின் நடுவே இருவரும் பிரிந்தார்கள்.

1936இல் ஹார்லம், அப்போலோ அரங்கம். இப்போது முன்னால் இருப்பவர்கள் கறுப்பர்கள். தன் சனம். ஆனால் சபை ஒட்டவில்லை. லோமாக்சைச் சிறையில் சந்தித்த அந்தச் செய்திப்படக் காட்சியையே மேடையில் மறுபடி நடித்துக்காட்டினார்கள், அதே கோடுபோட்ட சட்டை. ஹார்லம் ரசிக்கவில்லை. இதைச் சிலர் நகரத்துக் கறுப்பர்களின் மேட்டிமை என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனையோ பேர் அதே தெற்கிலிருந்து, அதே பருத்திக்காட்டிலிருந்து, சிறைப் பண்ணைக்கும் மரத்தில் தொங்கவிடும் கும்பலுக்கும் தப்பி வந்த குடும்பங்கள். புதுச் சட்டை போட்டு, ஸ்விங் இசைக்கு ஆடப் பழகியவர்கள். அவர்களைப் பார்த்து மேடையிலிருந்து எசமானே என்று ஒரு கறுப்பர் கெஞ்சினால் எப்படிக் கைதட்டுவார்கள்?

பறையை வைத்துக்கொண்டு நாம் சண்டை போட்டது இதே சண்டைதானே. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைத் தூக்கிப்போட்ட ஊர்கள் உண்டு, எரித்த ஊர்களும் உண்டு. தொண்ணூறுகளில் அதே பறையை எழுச்சிக் கருவியாகத் தலித் கலைவிழா மேடையில் ஏற்றினோம். 2007இல் சென்னை சங்கமம் வந்தது, பூங்காக்களில் பறையடித்தார்கள், நகரத்தார் செல்போனில் படமெடுத்தார்கள். எங்க ஊர்ப் பெரியவர்களில் இன்னமும் சிலர் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எழுந்து போய்விடுகிறார்கள். தரையில் வீசிய காசைக் குனிந்து பொறுக்கிய கைகள் அவை. அவர்களுக்குக் கலை தெரியவில்லை என்று நம்ம பிள்ளைகளே சொல்லும்போது எனக்குச் சுருக்கென்கிறது. எழுந்து போவதும் ஒரு ரசிகரின் தீர்ப்புதான்.

1937 ஏப்ரலில் 'லைஃப்' இதழ் அவரைப் பற்றிப் படங்களோடு எழுதியது. தலைப்பிலேயே இனவசைச் சொல். அதே ஆண்டு ஆகஸ்டில் கம்யூனிஸ்ட் கட்சியின் 'டெய்லி வொர்க்கர்' பத்திரிகையில் ரிச்சர்ட் ரைட் எழுதினார். அப்போது அந்தப் பத்திரிகையின் ஹார்லம் செய்தியாளர். 'நேட்டிவ் சன்' நாவல் எழுத இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. லோமாக்ஸ் செய்தது கலாச்சார மோசடி என்று பெயர் சொல்லியே குற்றம் சாட்டினார். லெட் பெல்லியை ஹடி லெட்பெட்டர் என்ற முழுப் பெயரோடு மக்கள் கலைஞர் என்று அறிமுகப்படுத்தினார். ஒரு கறுப்பு எழுத்தாளர் ஒரு கறுப்புப் பாடகரைக் கேட்டு எழுதிய கட்டுரை அது.

இடதுசாரி மேடைகள் அவருக்குக் கிடைத்தன. கோட்டு சூட்டோடு நின்றார். அந்தச் சபையும் குறையில்லாத சபை என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டாளியின் குரலை, போராட்டப் பாட்டை அவர்கள் எதிர்பார்த்தார்கள். அவருக்கோ காதல் பாட்டும், கௌபாய் பாட்டும், சினிமாப் பாட்டும் பிடிக்கும். ஆனால் ஒன்று: அங்கே அவர் எதிர்த்துப் பேச முடிந்தது. 1937இல் மனைவி மார்த்தாவோடு வாஷிங்டனுக்குப் போனபோது, வெள்ளை நண்பர்களோடு வந்த கறுப்புத் தம்பதிக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. அதை வைத்து 'பூர்ஷ்வா ப்ளூஸ்' கட்டினார். மன்னிப்புக் கேட்டுக் கவர்னர்களுக்குப் பாட்டுக் கட்டியவர், தலைநகரத்தையே சாடிப் பாட்டுக் கட்டினார். அதைக் கேட்க ஒரு சபை இருந்ததால்தான் அந்தப் பாட்டு பிறந்தது என்று நினைக்கிறேன்.

நியூயார்க்கில் குழந்தைகளுக்கும் பாடினார். 1941இல் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பாட்டுகள் இசைத்தட்டாக வந்தன. அவர் கொலைகாரர் என்ற கதை தெரியாத ஒரே சபை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

1949 ஜூன் 15. ஆஸ்டின், டெக்சாஸ் பல்கலைக்கழகம். ஜான் லோமாக்ஸ் முந்திய ஆண்டே இறந்துவிட்டார். லெட் பெல்லிக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் தொடங்கியிருந்தது. மார்த்தாவும் கூடப் பாடினார். அந்தக் கச்சேரி பின்னாளில் இசைத்தட்டாக வந்தது. அவர் குரலும் சபையின் கைதட்டலும் பதிவாகியிருக்கின்றன. முப்பது ஆண்டுக்கு முன்னால் அதே மாநிலம் அவரைச் சங்கிலியில் பூட்டியிருந்தது. அன்றைக்கு அதே பல்கலைக்கழகத்தின் மேல் ஹெமன் ஸ்வெட் என்ற கறுப்பரின் வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1946இல் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டவர், கறுப்பர் என்ற ஒரே காரணத்தால் மறுக்கப்பட்டவர். மேடையில் ஒரு கறுப்பர் பாடலாம், வகுப்பில் ஒரு கறுப்பர் உட்காரக் கூடாது. கைதட்டியவர்களில் இதை யோசித்தவர்கள் எத்தனை பேரோ!

ஸ்வெட்டுக்குச் சாதகமாக உச்சநீதிமன்றம் 1950 ஜூன் 5 அன்று தீர்ப்பளித்தது. அதே கோடையில் 'குட்நைட் ஐரீன்' அமெரிக்கா முழுக்க ஒலித்தது. வாழ்நாளெல்லாம் லெட் பெல்லி பாடிவந்த பாட்டு. இப்போது பாடியது வீவர்ஸ் என்ற நால்வர் குழு, வெள்ளையர்கள். சொற்களைக் கொஞ்சம் மென்மையாக்கியிருந்தார்கள். 13 வாரம் முதலிடத்தில் நின்று, இருபது லட்சம் தட்டுகள் விற்றன. லெட் பெல்லி 1949 டிசம்பர் 6 அன்றே நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் இறந்துபோனார். தட்டின் மேல் பாட்டை எழுதியவர்கள் என்று இரண்டு பெயர் அச்சாகியிருந்தது: லெட்பெட்டர், லோமாக்ஸ்.