இதயத் தசைச் சுருக்க மருந்துகள்

இதயத் தசை சுருங்கும் விசையைக் கூட்டும் அல்லது குறைக்கும் மருந்துகள். டிஜாக்சின், டோபுட்டமின், மில்ரினோன் ஆகியவை விசையைக் கூட்டும். பீட்டா தடுப்பான்கள், வெரபமில் முதலியவை குறைக்கும்.

தோற்றம்: இவற்றுள் மிகப் பழையது டிஜிட்டாலிஸ். ஐரோப்பாவில் வளரும் பாக்ஸ்குளோவ் செடியின் இலையே அதன் மூலம். பூ விரலுறை போல இருப்பதால், விரலைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு 1542இல் இப்பெயரை வைத்தவர் ஜெர்மானியர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ். இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் ஒரு மூதாட்டி, நீர்கோத்து உடல் வீங்கியவர்களுக்கு மூலிகைக் கலவை ஒன்றைக் கொடுத்து வந்தார். 1775இல் அதைப் பற்றி மருத்துவர் வில்லியம் விதரிங்கிடம் கருத்துக் கேட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகளில் குணம் தருவது பாக்ஸ்குளோவ்தான் என்று அவர் கண்டறிந்தார். பத்தாண்டுகள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பலித்ததையும் பலிக்காததையும் ஒளிக்காமல் 1785இல் நூலாக்கினார். அளவு மிஞ்சினால் வாந்தியும் பார்வைக் கோளாறும் வரும், நாடி தளரும் என்ற அவருடைய எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.

செயல்முறை: 1930இல் வேதியியலாளர் சிட்னி ஸ்மித் பாக்ஸ்குளோவ் வகைச் செடியிலிருந்து டிஜாக்சினைப் பிரித்தெடுத்தார். இவ்வகை மருந்துகள் உயிரணுச் சவ்வில் சோடியம், பொட்டாசியம் கடத்தப்படுவதைத் தடுப்பதை 1953இல் ஆய்வாளர் ஷாட்ஸ்மன் காட்டினார். அக்கடத்தலைச் செய்யும் நொதியை 1957இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ விவரித்தார். அதற்காக 1997இல் நோபல் பரிசு பெற்றார். நொதி தடைபடும்போது உயிரணுவுக்குள் சோடியம் கூடுகிறது. அதனால் கால்சியம் வெளியேறுவது குறைகிறது. மிஞ்சும் கால்சியம் தசையை வலுவாகச் சுருங்கச் செய்கிறது. மஞ்சள் அரளி விதையின் நஞ்சும் இவ்வாறே இதயத்தைத் தாக்குகிறது.

மறுமதிப்பீடு: இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குச் சுருக்க விசை கூடினால் ஆயுளும் கூடும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் உடைத்தன. 1991இல் வெளியான ஆய்வில், மில்ரினோன் மாத்திரை உட்கொண்டவர்களிடையே இறப்பு 28 விழுக்காடு அதிகரித்தது. 6,800 பேரிடம் நடந்த டிஜாக்சின் ஆய்வின் முடிவு 1997இல் வந்தது: மருத்துவமனைச் சேர்க்கை குறைந்தது, இறப்பு குறையவில்லை. மாறாக, விசையைக் குறைப்பதால் இதயச் செயலிழப்பில் கூடாதென ஒதுக்கப்பட்ட பீட்டா தடுப்பான்களை ஸ்வீடனின் ஃபின் வாக்ஸ்டைன் குழுவினர் 1970களில் துணிந்து கொடுத்தனர். பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் என்னும் பீட்டா தடுப்பான்கள் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதை 1999இல் வெளியான ஆய்வுகள் உறுதிசெய்தன.

இன்று டோபுட்டமினும் மில்ரினோனும் பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறுகிய காலத்துக்குச் சிரை வழியே செலுத்தப்படுகின்றன. நீண்டகாலச் சிகிச்சையில் பீட்டா தடுப்பான்கள் நிலைபெற்றுவிட்டன. டிஜாக்சின் தேர்ந்தெடுத்த சிலருக்கே குறைந்த அளவில் தரப்படுகிறது.