மேடை ஒலிவாங்கி

மேடை ஒலிவாங்கி என்பது நேரடி இசை நிகழ்ச்சிகளில் குரலையும் கருவியிசையையும் மின் சமிக்ஞையாக மாற்றும் கருவியாகும். இயங்குசுருள், மின்தேக்கி ஆகியன இதன் முதன்மை வகைகள்.

அமைப்பு

இயங்குசுருள் வகையில் ஒலியலைகள் ஒரு மென்சவ்வை அதிரச் செய்கின்றன. அதனுடன் இணைந்த கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. இதற்குப் புற மின்வழங்கல் தேவையில்லை. உரத்த ஒலியையும் ஈரக்காற்றையும் தாங்கும். அமெரிக்காவின் சூர் நிறுவனம் 1966 இல் வெளியிட்ட எஸ்எம்58 இவ்வகையைச் சேர்ந்தது. இது 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலிகளை ஏற்கிறது.

கானாவில் பயன்பாடு

இராயபுரம் உள்ளிட்ட வடசென்னைப் பகுதிகளில் கானாப் பாடல்கள் திருவிழாக்களிலும் இறப்பு வீடுகளிலும் பாடப்படுகின்றன. பாடகரின் அருகிலேயே தோற்கருவிகள் முழங்குவதால், முன்புற ஒலியை மிகுதியாகவும் பின்புற ஒலியைக் குறைவாகவும் ஏற்கும் இதயவடிவ ஏற்புடைய இயங்குசுருள் ஒலிவாங்கி பொருத்தமானது. ஒலிபெருக்கி இதன் பின்புறத்தை நோக்கியிருத்தல் வேண்டும்.

ஒலிவாங்கியின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடித்தால் இத்திசைப்பண்பு கெட்டு ஊளையொலி எழும். வாய்க்கு மிக நெருக்கமாகப் பிடித்தால் தாழ்ந்த ஒலிகள் மிகுந்து சொற்கள் மழுங்கும். இறந்தவரின் வாழ்வைக் கூறும் மரண கானாவில் சொற்கள் தெளிவாகக் கேட்பதே முதன்மையானது. எனவே, ஒலிவாங்கியைத் தேர்வதைப் போன்றே அதைப் பிடிக்கும் முறையும் இன்றியமையாததாகும்.