அம்பின் அடிப்பிளவு
சோழபுரத்துக்கு வடக்கே உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், வில்லி என்னும் வேடர் தலைவன் பெயரால் அமைந்தது என்பது தலபுராண வழக்கு. குறி தப்பினால் வேடன் குடிலில் அன்று அடுப்பு எரியாது. குறி தப்பாமைக்குக் கண்ணையும் கையையும் புகழும் நாம், அம்பின் அடியில் நாண் பொருந்தும் சிறு பிளவை மறந்துவிடுகிறோம். மாணவர்களே, அப்பிளவு இறுகியிருந்தால் நாண் அம்பை எளிதில் விடாது; அம்பு நெறி பிறழும். தளர்ந்திருந்தாலோ எய்வதற்கு முன்பே நழுவும். நாணில் தொங்கவிட்ட அம்பு தானாக விழலாகாது. நாணை விரலால் மெல்லத் தட்டியதும் விழவேண்டும். இது வில்லாளர் செய்யும் எளிய சோதனை.

1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் கிடைத்த அம்புகளின் அடியில், கொம்புத் தகடு செருகுவதற்கான வெட்டு காணப்படுகிறது. வலிய வில்லின் நாண் மரத்தைப் பிளந்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இக்காலப் பிளவுகள் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகின்றன. ஆயினும் எல்லா அம்புகளும் ஒரே அளவில் நாணைப் பற்றாவிடில், தேர்ந்த கை எய்தாலும் அவை சிதறியே விழும்.