பள்ளத்தாக்கில் எழுந்த பல்கலைக்கழகம்

ஊர்ப்பெருமை பேசாத மனிதர் இல்லை. ஈப்போக்காரர் சுண்ணாம்புக் குன்றுகளைச் சொல்வார். பினாங்குக்காரர் கடலையும் கொடிமலையையும் சொல்வார். கோலாலம்பூர்வாசியைக் கேட்டால், வானத்தைத் தொடும் கோபுரங்களை நோக்கிக் கையை நீட்டுவார். இன்றைய உரையில் அந்தக் கோபுரங்களைச் சற்றே மறந்துவிட்டு, அதே நகரின் தென்மேற்கே உள்ள ஒரு பள்ளத்தாக்குக்குச் செல்வோம். அதன் பெயர் லெம்பா பந்தாய். மலாயாப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் இடம் அது. நம் வானொலியின் இல்லமான அங்காசாபுரியும் அதே வட்டாரத்தில்தான் எழுந்தது.

நாங்கள் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள். சிலாங்கூரின் கடலோர வட்டாரத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பள்ளி. ஓராண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு அந்த வளாகத்தைக் காட்டச் சென்றோம். வளாகத்துச் சாலையில் பேருந்து வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. மேடும் பள்ளமும் மரங்களும் கட்டடங்களும் முடிவில்லாமல் வந்தன. பின் இருக்கையில் இருந்து ஒரு பையன் எழுந்து, "ஐயா, இது எந்தக் கம்பெனித் தோட்டம்?" என்று கேட்டான்.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பரந்த நிலம் என்றால் அது ஒரு கம்பெனிக்குச் சொந்தமானது என்பதுதான் அவன் கண்ட உலகம். அந்தக் கேள்விக்கு அன்று பேருந்தில் சொன்ன பதில் சுருக்கமானது. அதைச் சற்று விரித்துச் சொல்வதே இந்த உரையின் நோக்கம்.

முதலில் நகரத்தைப் பார்ப்போம். 1857-ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா, ஈயம் தோண்டுவதற்காக 87 சீனத் தொழிலாளர்களை அனுப்பிவைத்தார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி, அம்பாங் காட்டுக்குள் அவர்கள் நடந்தார்கள். சேறு நிறைந்த அந்த ஆற்றுக் கூடல்தான் கோலாலம்பூராக வளர்ந்தது. 1880-இல் சிலாங்கூரின் தலைநகர், 1896-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைநகர், 1957-இல் சுதந்திர நாட்டின் தலைநகர் என்று அது படிப்படியாக உயர்ந்தது. 1957-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சத்து 16 ஆயிரம் பேர். 1972 பிப்ரவரி முதல் நாள் அது மாநகர் ஆயிற்று. 1974 பிப்ரவரி முதல் நாள் கூட்டரசுப் பிரதேசம் ஆயிற்று. அப்போது அதன் பரப்பு 243 சதுரக் கிலோமீட்டராக விரிந்தது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை ஏறத்தாழ 20 லட்சத்தை எட்டியிருந்தது. மக்கள் பெருகியதோடு எல்லையும் நகர்ந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. நகரம் வளர்ந்தது என்றால், அதைச் சுற்றியிருந்த ஏதோ ஒன்று குறைந்தது என்றும் பொருள். அந்த ஏதோ ஒன்று பல இடங்களில் ரப்பர்த் தோட்டம்.

இனிப் பல்கலைக்கழகத்தின் கதைக்கு வருவோம். அது கோலாலம்பூரில் பிறந்த பிள்ளை அன்று. அதன் வேர் சிங்கப்பூரில் உள்ளது. அங்கே மருத்துவப் பள்ளி ஒன்று வேண்டும் என்று டான் ஜியாக் கிம் தலைமையில் பொதுமக்கள் அரசாங்கத்திடம் விண்ணப்பித்தனர். பணத்தைத் திரட்டித் தருமாறு ஆளுநர் கூறியதும், 87,077 வெள்ளி சேர்ந்தது. டான் ஜியாக் கிம் மட்டுமே 12,000 வெள்ளி கொடுத்தார். 1905-இல் அப்பள்ளி தொடங்கியது. பிற்காலத்தில் அதுவே ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி எனப்பட்டது. கலை, அறிவியல் பாடங்களுக்கான ராபிள்ஸ் கல்லூரி 1929-இல் முறையாகத் திறக்கப்பட்டது. இவ்விரண்டும் இணைந்து 1949 அக்டோபர் 8-ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின.

இந்த இணைப்பைப் பரிந்துரைத்தது கார்-சாண்டர்ஸ் குழு. பல்கலைக்கழகத்தின் நிலையான இருப்பிடம் ஜொகூர் பாருவில் அமையட்டும் என்றும் அக்குழு கூறியது. அந்தத் திட்டம் கைகூடவில்லை. கைகூடியிருந்தால் இன்று இந்தப் பெருமையை ஜொகூர் பாரு மக்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஊர்ப்பெருமை என்று நாம் மார்தட்டிக்கொள்வது சில வேளைகளில் ஒரு குழுவின் தீர்மானத்தில் தங்கியிருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

நாடு சுதந்திரம் பெற்றதும் தலைநகரிலேயே உயர்கல்வி வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. பந்தாய்ப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 750 ஏக்கர் நிலம் பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கப்பட்டது. 1958-இல் பொறியியல் பிரிவு சிங்கப்பூரிலிருந்து அங்கே இடம் மாறியது. 1959 ஜனவரி 15-ஆம் நாள், சிங்கப்பூரில் ஒன்றும் கோலாலம்பூரில் ஒன்றுமாக, சம உரிமையுள்ள இரண்டு பிரிவுகள் ஏற்பட்டன. அந்த மாறுதல் காலத்தில் துணைவேந்தராக இருந்தவர் கணிதப் பேராசிரியர் சர் அலெக்சாண்டர் ஒப்பன்ஹைம். பின்னர் 1962 ஜனவரி முதல் நாள், கோலாலம்பூர்ப் பிரிவு மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு தனித்து நின்றது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதன் முதல் வேந்தரானார்.

அதன் பின்னர் கட்டடத்துக்குமேல் கட்டடமாக வளாகம் வளர்ந்தது. பட்டமளிப்பு நடைபெறும் டேவான் துங்கு கன்சலர் மண்டபம் 1960-களின் நடுவில் எழுந்தது. 2001-இல் அம்மண்டபம் தீவிபத்துக்கு உள்ளாகி, மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. மருத்துவப் பிரிவை அதன் முதல் தலைவராக நின்று உருவாக்கியவர் பேராசிரியர் தனராஜ். முதல் மருத்துவ மாணவர்கள் 1964-இல் சேர்ந்தார்கள். 1967-இல் பல்கலைக்கழக மருத்துவமனை நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. தோட்டத்து மக்களில் பலருக்குப் பல்கலைக்கழகம் முதலில் அறிமுகமானது இந்த மருத்துவமனையின் வழியாகத்தான். "யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்று லயத்தில் ஒருவர் சொன்னால், நோய் பெரிது என்று எல்லாரும் புரிந்துகொள்வார்கள்.

1970-இல் தோன்றிய மலேசிய தேசியப் பல்கலைக்கழகமும் தன் முதல் வகுப்புகளை இதே பள்ளத்தாக்கில் தற்காலிகமாக நடத்தியது. 1977-இல் அது பாங்கிக்குச் சென்றது. 1974-இல் மலாயாப் பல்கலைக்கழக வளாகத்துள் ரிம்பா இல்மு என்னும் தாவரத் தோட்டம் உருவாயிற்று. 1998-இல் 'யுனிவர்சிட்டி' என்ற பெயரிலேயே ஓர் இலகு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் நகரின் ஓரமாக இருந்த இடம், கோலாலம்பூருக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் நடுவே அகப்பட்டு, நகரின் நெஞ்சுக்குள் வந்துவிட்டது.

இப்போது அந்தப் பையனின் கேள்வியை மீண்டும் எடுத்துக்கொள்வோம். அவன் முற்றிலும் தவறாகக் கேட்டுவிடவில்லை. வளாகத்தின் ஒரு பக்கத்தில் பெட்டாலிங் ஜெயா இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர்த் தோட்டத்தில், ஏறத்தாழ 1,200 ஏக்கரில் தொடங்கப்பட்ட நகரம் அது. மறுபக்கத்தில் பங்சார் இருக்கிறது. இன்று செல்வர் வாழும் இடமாகிய அதுவும் முன்னாளில் ரப்பர்த் தோட்டமே. அதன் பெயரே தோட்டத்திலிருந்து வந்ததுதான். அங்கெல்லாம் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால்கத்தியும் வாளியுமாக நிரை நிரையாக மரம் வெட்டியவர்கள் நம்மவர்கள். நிலம் கைமாறியபோது விலை பேசியவர்கள் வேறு. லயத்தை விட்டு வெளியேறியவர்கள் வேறு. வீட்டு வாசலில் வளர்த்த முருங்கையையும், ஆண்டுதோறும் திருவிழா எடுத்த கோயிலையும் விட்டுப் போனவர்களுக்கு, நகரின் வளர்ச்சியைக் கண்டு மகிழ்வது எளிதாக இருந்திராது. அவர்களிடம் போய் ஊர்ப்பெருமை பேசினால், "எந்த ஊர்?" என்றுதான் கேட்பார்கள்.

அப்படியானால் இந்தப் பல்கலைக்கழகத்தில் நமக்குப் பங்கு ஒன்றும் இல்லையா? உண்டு. அதுவும் வரலாறுதான்.

1950-களில், சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை ஒன்றை அமைக்கும் பேச்சு எழுந்தது. அத்துறையில் வடமொழிக்கு முதலிடம் தரலாம் என்ற பரிந்துரை வந்தது. இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழராக இருக்க, தமிழுக்கன்றோ முதலிடம் வேண்டும் என்று மக்கள் குரல் எழுப்பினர். 'தமிழ் முரசு' நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி அக்குரலுக்குத் தலைமை தாங்கினார். வெறும் தீர்மானம் போட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்காக அந்நிதி பயன்பட்டது. வணிகர் கொடுத்தனர். ஆசிரியர் கொடுத்தனர். தோட்டத் தொழிலாளரும் தம் கூலியிலிருந்து கொடுத்தனர்.

எங்கள் பாட்டனார் அவர்களுள் ஒருவர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது; சம்பளப் புத்தகத்தில் பெருவிரல் ரேகைதான் வைப்பார். தோட்டத்துக் கிராணி வீட்டு வாசலில் வைத்து ஒரு வெள்ளி கொடுத்ததாகச் சொல்வார். "நீங்கள் படிக்கப் போவதில்லையே, எதற்குக் கொடுத்தீர்கள் தாத்தா?" என்று சிறுவயதில் கேட்டோம். "கோயிலுக்குக் கொடுக்கும்போது, சாமி நம் வீட்டுக்கு வந்து சாப்பிடும் என்றா கொடுக்கிறோம்?" என்றார் அவர்.

1956-இல் இந்திய இயல் துறை தொடங்கியது. தமிழ் அதில் உரிய இடத்தைப் பெற்றது. பின்னர் அத்துறை பந்தாய்ப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது. 1961-இல் தனிநாயகம் அடிகளார் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966 ஏப்ரல் திங்களில், முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. பல நாட்டு அறிஞர்கள் வந்து தமிழைப் பற்றிக் கட்டுரை படித்தனர். சென்னையில் இரண்டாம் மாநாடு 1968-இல் தான் நடந்தது. முதல் மாநாடு நடந்த ஊர் என்னும் சிறப்பு கோலாலம்பூருக்கே உரியது. இந்த ஒரு செய்தியை மட்டும் சொன்னாலே, தலைநகரின் தமிழன் எந்தக் கோபுரத்தையும் காட்டாமல் பெருமை பேசலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. "பல்கலைக்கழகத்தை நாம்தான் கட்டினோம்" என்று சிலர் மேடையில் முழங்குவதுண்டு. அது மிகை. நிலத்தை ஒதுக்கியதும், ஆண்டுதோறும் பெரும்பொருள் செலவிட்டதும் அரசாங்கம். எல்லா இனத்தவரின் வரிப்பணமும் அதில் உண்டு. நம்மவர் கொடுத்தது ஒரு துறைக்கும் ஒரு நூலகத்துக்குமான துணை. ஆனால் கொடுத்தவருடைய வருமானத்தோடு சேர்த்து எண்ணிப் பார்த்தால், அந்தத் துணை சிறிதன்று. உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதும். மிகைப்படுத்தினால் உண்மையான பங்கும் மறைந்துவிடும்.

இதை இன்று ஏன் பேசுகிறோம்? எங்கள் தோட்டத்தின் ஒரு பகுதியும் வீட்டுமனைகளாக மாறிவிட்டது. முன்பு ஒரே பெயரில் இரண்டு வகுப்புகள் இருந்த எங்கள் பள்ளியில், இன்று சில வகுப்புகளில் பத்துப் பிள்ளைகள்கூட இல்லை. பெற்றோர்கள் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். இருக்கும் பிள்ளைகளிடம் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால், பல்கலைக்கழகம் என்ற சொல் தானாக வாயில் வருவதில்லை. அது பட்டணத்துப் பிள்ளைகளுக்கு உரியது என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. பெருவிரல் ரேகை வைத்தவர் தயங்காமல் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை உள்ளே நுழையத் தயங்குகிறது. இந்தத் தயக்கத்தை நீக்காமல் ஊர்ப்பெருமை பேசி என்ன பயன்?

ஆகவே, இந்த உரையைக் கேட்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று செய்திகளைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயர் என்ன? அந்த நிலத்தில் இன்று என்ன இருக்கிறது? படிப்புக்காக அவர்கள் என்றேனும் காசு கொடுத்தது உண்டா? எழுதிய தாளை ஆசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியப் பெருமக்கள் அவற்றைச் சேர்த்துத் தைத்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

அன்று பேருந்தில் அந்தப் பையனுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, இது கம்பெனித் தோட்டம் அல்ல. நாட்டுக்குச் சொந்தமானது. இங்கே உள்ள சில புத்தகங்களுக்கு உன் கொள்ளுத்தாத்தா காலத்து மக்கள் காசு கொடுத்திருக்கிறார்கள்." அவன் சிறிது நேரம் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்தப் புத்தகம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது ஐயா?" என்று கேட்டான். பேருந்தை நூலகத்தின் பக்கம் திருப்பச் சொன்னோம்.