கோ, வெண்ட், கான்: மூன்றாவது சொல் பிறந்த கதை

ஆங்கில வினைச்சொற்களை நம் பள்ளிகளில் மூன்று மூன்றாகத்தான் மனப்பாடம் செய்வார்கள். கோ–வெண்ட்–கான், ரைட்–ரோட்–ரிட்டன், பிரேக்–புரோக்–புரோக்கன். மூன்றாவது எதற்கு என்று கேட்டால், ‘ஹேவ், ஹேட் வந்தால் போட வேண்டியது’ என்று பதில் வரும். ‘புரோக்கன் கிளாஸ்’, ‘பாயில்ட் எக்’ என்று அதே சொல் பெயருக்கு முன்னால் வந்து நிற்பதைப் பிற்பாடு வேறொரு பாடத்தில், ஏதோ உபரி வேலைபோலச் சொல்லிக்கொடுப்பார்கள். நடந்த வரலாறு இதற்கு நேர் தலைகீழ். பாஸ்ட் பார்ட்டிசிபிள் எனப்படும் இந்த மூன்றாவது சொல் பிறக்கும்போதே பெயரடை. ‘ஹேவ்’ அதைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டது வெகு காலம் கழித்து.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் தாயாக மொழியியலாளர் மீட்டெடுத்த மொழியில் ‘தோ’, ‘நோ’ என்று இரண்டு விகுதிகள் உண்டு. வினையடியோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்தால், செயல் நடந்து முடிந்தபின் அந்தப் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் அடைமொழி கிடைக்கும். சமஸ்கிருதத்தில் முதல் விகுதி புத்த, சித்த, முக்த, பக்த, சுத்த என்றும், இரண்டாவது பூர்ண, பின்ன என்றும் வாழ்கிறது. நாம் கும்பிடும் சித்தரும், கணக்கில் போடும் பின்னமும் அங்கிருந்து வந்தவையே. பின்னம் என்றால் உடைந்தது. ஆங்கிலத்தில் ‘தோ’ தேய்ந்து ‘எட்’ ஆயிற்று; ‘நோ’ தேய்ந்து ‘என்’ ஆயிற்று. புத்தரின் பெயரில் இருக்கும் விகுதியும் ‘லவ்ட்’ என்பதன் கடைசி ஒலியும் ஒரே வேரில் கிளைத்தவை. சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786இல் கல்கத்தாவில் மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ் பேசியபோது, வினை வேர்களிலும் இலக்கண வடிவங்களிலும் தெரிந்த இந்த மாதிரி ஒற்றுமைகளைத்தான் சான்றாகக் காட்டினார்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் முழுக்க முழுக்கப் பெயரடையாகவே நடந்துகொண்டது. எந்தப் பெயரோடு வருகிறதோ அதன் பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறும். ‘மீனைப் பிடித்திருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டுமானால், அன்றைய ஆள் ‘என்னிடம் மீன் இருக்கிறது, பிடிபட்ட நிலையில்’ என்கிற அமைப்பில் சொன்னான். ‘ஹேவ்’ அங்கே துணைவினை அல்ல. சொந்தமாக வைத்திருப்பதைக் குறிக்கும் முழுவினை. ‘பிடிபட்ட’ என்ற சொல், மீனுக்கு இணங்கி இரண்டாம் வேற்றுமை ஈற்றை ஏற்றது. நாளடைவில் ஈறுகள் உதிர்ந்தன. சொல் மீனை விட்டு நகர்ந்து ‘ஹேவ்’ பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இன்று மாணவர்களைப் பாடாய்ப் படுத்தும் பர்ஃபெக்ட் டென்ஸ் பிறந்தது இப்படித்தான்.

பெயரடை பாதி, வினை பாதி என்ற இந்த இயல்பு இலக்கணப் பெயரிலேயே பதிந்திருக்கிறது. கிபி 1000 வாக்கில் எல்ஃப்ரிக் என்ற துறவி, சிறுவர்கள் லத்தீன் படிப்பதற்காக ஆங்கிலத்திலேயே ஓர் இலக்கணம் எழுதினார். பார்ட்டிசிபிளுக்கு அவர் வைத்த பெயரின் பொருள் ‘பங்கு கொள்வது’. பெயரிலும் பங்கு, வினையிலும் பங்கு. கிரேக்க இலக்கணிகள் வைத்த பெயருக்கும் இதே பொருள்தான்.

வினை ஒரு பக்கம் மாறிக்கொண்டே போக, பெயரடையாகத் தங்கிவிட்ட சொற்கள் பழைய உருவத்தைக் காப்பாற்றிக்கொண்டன. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ‘மெல்ட்’ என்ற வினைக்கு இன்று மூன்றாம் வடிவம் ‘மெல்டெட்’. பழைய ‘மோல்டன்’ வினையிலிருந்து விலகிவிட்டது. ஆனாலும் எரிமலைக் குழம்புக்கும் உருக்கிய இரும்புக்கும் ‘மோல்டன்’தான், வெண்ணெய்க்கோ ‘மெல்டெட்’. கடும் சூட்டில் உருகுவதற்கு மட்டும் பழஞ்சொல் நின்றுவிட்டது. ‘சாடன்’ என்பது வேகவைப்பதைக் குறித்த ‘சீத்’ என்ற வினையின் மூன்றாம் வடிவம். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அதற்கு ‘வேகவைத்த’ என்றே பொருள். இன்று மழையில் ஊறிப்போன துணியையும் மண்ணையும் சொல்கிறோம். வினையோடு இருந்த உறவே அறுந்துவிட்டது.

உச்சரிப்பிலும் இதே கதை. ஒரு காலத்தில் ‘எட்’ எல்லாச் சொல்லிலும் தனி அசையாக ஒலித்தது. பிறகு மக்கள் அதை விழுங்கத் தொடங்கினார்கள். கவிஞர்கள் உயிரெழுத்தை வெட்டி அப்பாஸ்ட்ரஃபி குறி போட்டு எழுதுவதைக் கண்டு எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இல் வெளியிட்ட பிரசுரத்தில் மிகவும் வருந்தினார். அவர் வருத்தம் பலிக்கவில்லை. ஆனால் கற்றறிந்தவரைச் சொல்லும் ‘லேர்னெட்’, முதியவரைச் சொல்லும் ‘ஏஜெட்’ போன்ற பெயரடைகளில் அந்த அசை இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘லேர்னெட்’ வந்ததும், ‘லேர்ன்’ என்பதற்குக் ‘கற்பி’ என்று பொருள் இருந்த காலத்தில். கற்பிக்கப்பட்டவர் என்பதே அதன் மூலப்பொருள்.

தமிழ் மாணவர் தடுமாறும் இடத்துக்கும் இந்தப் பிறப்பிலேயே விளக்கம் இருக்கிறது. நம் பெயரெச்சம் தாராளமானது. உண்ட சாத்தன், உண்ட கலம், உண்ட வீடு, உண்ட நாள், உண்ட சோறு என்பன போல, செய்பவன் முதல் செய்பொருள் வரை ஆறு வகைப் பெயரோடும் அது முடியும் என்கிறது நன்னூல். ஆங்கிலத்தில் ‘ஈட்டன்’ சோற்றுக்கு மட்டுமே பொருந்தும், சாத்தனுக்குப் பொருந்தாது. செயல் யார்மேல் தங்கியதோ அவருக்குரிய சொல் அது. விழுந்த இலையை ‘ஃபாலன் லீஃப்’ எனலாம். விழுந்த நிலை இலையிடம் தங்கியிருக்கிறது. தூங்கி எழுந்த குழந்தையை ‘ஸ்லெப்ட் சைல்ட்’ எனக் கூடாது. தூக்கம் கலைந்ததும் தங்கிய நிலை எதுவுமில்லை. ‘டிரங்கன் மேன்’ மாதிரி விலக்குகள் சில உண்டு. சலிப்புற்ற பையன் ‘ஐ ஆம் போரிங்’ என்றால் மற்றவர்களைச் சலிப்படைய வைப்பவன் ஆகிவிடுவான்; சலிப்பு அவன்மேல் தங்கியிருப்பதால் ‘போர்ட்’ என்றே சொல்ல வேண்டும்.

ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்றாவது சொல்லை ‘ஹேவ்’ உடன் அறிமுகப்படுத்தாதீர்கள். உடைந்த கண்ணாடி, வேகவைத்த முட்டை, பூட்டிய கதவு ஆகியவற்றைக் காட்டி முதலில் பெயரடையாகச் சொல்லிக்கொடுங்கள். டென்ஸ் அடுத்த வாரம் வரட்டும்.