இடைவெளியும் அளவையும்: தாதுச்சத்து மாத்திரைகளைப் பிற மருந்துகளுடன் உட்கொள்ளும் முறை பற்றிய ஓர் ஆய்வு

இரத்த அழுத்தத்துக்கு ஒன்றும் நீரிழிவுக்கு ஒன்றும் தைராய்டுக் குறைவுக்கு ஒன்றுமாக மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை நாள்தோறும் உட்கொண்டு வருகிற ஒருவர், எலும்புக்கு நல்லதென்று கால்சியத்தையும், களைப்புக்கு நல்லதென்று இரும்புச்சத்தையும், தசைப்பிடிப்புக்கு நல்லதென்று மெக்னீசியத்தையும் மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்வது இக்காலத்தில் சர்வ சாதாரணமாகிவிட்டது. இவ்விதம் சேர்கிற சத்து மாத்திரைகள் மருந்துச்சீட்டில் ஏறுவதில்லை. ஆகவே மருத்துவரின் யோசனையிலும் அவற்றுக்கு இடமில்லை. இரண்டையும் ஒருங்கே கையாளும் விதம் யாதென்று வினவுவோருக்கு, ‘சில மணி நேரம் இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள்’ என்னும் ஒரே விடைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. இவ்விடை ஒரு வகை முரணுக்கு நன்கு பொருந்தும் என்பதையும், மற்றொரு வகைக்குச் சிறிதும் பொருந்தாது என்பதையும், பொருந்தாத இடத்தில் அது பொய்யான தைரியத்தைத் தந்து பிராணாபாயத்துக்கே வழிவிடக்கூடும் என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் வகை முரண் குடலில் நிகழ்வது. இரும்பு, கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் ஆகிய உலோகங்களின் மின்னூட்டம் பெற்ற அணுக்கள், சில மருந்துகளின் மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு எளிதில் கரையாத கூட்டுப்பொருளாக மாறிவிடுவதால், அம்மருந்து இரத்தத்தில் கலவாமல் மலத்தோடு வெளியேறுகிறது. தைராய்டுக் குறைவுக்குக் கொடுக்கப்படும் லெவோதைராக்சின் இதற்குச் சிறந்த சான்று. கனடாவில் நார்மன் காம்பெல் முதலானோர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், அம்மருந்தை உட்கொண்டு நிலையான நலத்திலிருந்த 14 நோயாளிகளுக்கு 300 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட்டும் உடன் கொடுக்கப்பட்டது; 12 வாரங்களில், மருந்தின் போதாமையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவின் சராசரி 1.6இலிருந்து 5.4 ஆக உயர்ந்தது. அவர்களுள் 9 பேருக்கு நோய்க்குறிகளும் மிகுந்தன. கால்சியம் கார்பனேட்டும் இவ்வாறே, சற்றுக் குறைந்த அளவில், அம்மருந்தின் பயனைத் தடுப்பதை லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர்கள் 2000இல் காட்டினர். குடலில் சந்திக்கவிடாமல் பிரித்துவிட்டால் இத்தடை நீங்கும் ஆதலின், இரண்டுக்குமிடையே நான்கு மணி நேரம் விடுவது இன்று ஏற்கப்பட்ட விதியாக உள்ளது.

நம் நாட்டில் இவ்விதிக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும், நாளுக்கு இருமுறை 500 மில்லிகிராம் கால்சியமும் அரசுத் திட்டத்தின்படி வழங்கப்படுகின்றன. இவ்விரண்டையும் ஒரே வேளையில் விழுங்கலாகாதென்ற அறிவுரையும் உடன் உள்ளது. அத்தாய்க்குத் தைராய்டுக் குறைவும் இருக்குமாயின், மூன்று மருந்துகளை ஒரு நாளுக்குள் ஒன்றையொன்று தீண்டாமல் அமைக்கவேண்டிய கடமை நேர்கிறது. கருவின் மூளை தொடக்க மாதங்களில் தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருப்பதால், இங்கே நேரும் கவனக்குறைவின் பலனை அனுபவிப்பது இன்னும் பிறவாத ஓர் உயிர். விடியற்காலை வெறும் வயிற்றில் தைராக்சின், பகலுணவோடும் இரவுணவோடும் கால்சியம், மாலையில் காப்பி தேநீர் கலவாத வேளையில் இரும்பு என்று ஒரு கிரமத்தை எழுதிக் கொடுப்பது எந்த மருத்துவருக்கும் சில நிமிஷ வேலையே.

வேறு சில மருந்துகளும் இந்த வகையைச் சேர்ந்தவை. நுண்ணுயிர்க்கொல்லியான சிப்ரோஃப்ளாக்சசினை இம்மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ கொள்ளவேண்டும். எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேட், வெறும் நீருடன் உண்டாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே உட்கிரகிக்கப்படுவதால், கால்சியத்துடன் சேர்ந்தால் அனேகமாக வீணாகும். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபாவையும் இரும்பு தடுக்கிறது. டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் ஒரு விலக்கு. அது இரத்தத்தில் கலந்த பின்னும் பித்தத்தின் வழியே மீண்டும் குடலுக்கு வருவதால், இடைவெளி விட்டு உண்ட இரும்பும் அதைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே அம்மருந்து கொடுக்கும் சில நாட்களுக்கு இரும்பை நிறுத்திவைப்பதே உசிதம்.

இங்கே பலரும் கவனியாத ஒரு விஷயத்தைச் சுட்டவேண்டும். கால்சியத்தையும் தைராக்சினையும் ஒருங்கே உண்டுவந்த நோயாளிக்கு, காரணம் தெரியாமலே மருத்துவர் தைராக்சின் அளவை உயர்த்திவிட்டார் என்று கொள்வோம். பின்னொரு நாள் அவர் கால்சியத்தை நிறுத்தினால், அதுகாறும் வீணாகிவந்த மருந்து முழுவதும் இரத்தத்தில் ஏறி, படபடப்பையும் இருதயத் துடிப்பின் ஒழுங்கின்மையையும் உண்டாக்கக்கூடும். சத்து மாத்திரையைத் தொடங்குவதைப் போலவே நிறுத்துவதும் மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டிய நிகழ்ச்சி என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது வகை முரண் இரத்தத்திலும் சிறுநீரகத்திலும் நிகழ்வது. இதன்மீது கடிகாரத்துக்கு எவ்வித அதிகாரமும் இல்லை. நாம் உண்ணும் பொட்டாசியத்தின் பெரும்பகுதியை வெளியேற்றுவது சிறுநீரகம். ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய மருந்துகள், இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பெருநன்மை செய்வனவாயினும், ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் வேலையைக் குறைப்பதனால் பொட்டாசியத்தை உடலில் தங்கச் செய்கின்றன. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் என்னும் குறுகிய வரம்புக்குள் நிற்கவேண்டிய அத்தாது வரம்பை மிகக் கடக்குமாயின், முன்னறிவிப்பின்றி இருதயத்தை நிறுத்திவிடும். மருந்தைக் காலையிலும் பொட்டாசியத்தை இரவிலும் உண்பதனால் இது தவிராது.

இதற்கு வரலாறு தந்த பாடம் துயரமானது. கடுமையான இருதயச் செயலிழப்புள்ளோருக்கு ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்ததால் மரணம் 30 சதவீதம் குறைந்ததாக 1999இல் ஒரு பேராய்வு அறிவித்தது. அதைத் தொடர்ந்து, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற ஏஸ் தடுப்பு மருந்து உண்டுவந்த இருதய நோயாளிகளுக்கு இம்மருந்தை எழுதிக் கொடுப்பது விரைவாகப் பெருகியது. அவர்களுள் பொட்டாசிய மிகுதியால் மருத்துவமனையில் சேர்ந்தோர் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேராயிருந்தது, 2001இல் 11 பேராக உயர்ந்தது. ஆய்வில் பங்குகொண்டோருக்கு அடிக்கடி நடந்த இரத்தப் பரிசோதனை, வெளியுலக நோயாளிகளுக்கு அதே ஒழுங்கில் நடவாமல் போனது இதற்கொரு பிரதான காரணமாகக் கருதப்படுகிறது. மருத்துவர் அறிந்தே எழுதிய இரு மருந்துகளால் இவ்வளவு நேருமாயின், அவர் அறியாமல் சேர்கிற மூன்றாவது பொருளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

அம்மூன்றாவது பொருள் மாத்திரை வடிவில்தான் வரவேண்டுமென்பதில்லை. சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவது, சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்தது. அச்சேர்மத்தின் எடையில் பாதிக்குச் சற்று மேற்பட்டது பொட்டாசியமே. சீனாவில் இருபதாயிரத்துக்கும் அதிகமானோரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் இத்தகைய உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025இல் இதைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் குறைபாடுடையோரையும், பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கும் மருந்துண்போரையும் போன்றவர்கள் அப்பரிந்துரைக்குப் புறம்பானவர்கள். ஊருக்கெல்லாம் நன்மையான ஒரு பொருள் ஒருவருக்கு விஷமாகலாம் என்ற உண்மையை, உப்புப் பொட்டலம் வாங்கும் நோயாளிக்கு யாரேனும் சொல்லியாகவேண்டும்.

மூன்றாவதாக, மருந்தே தாதுவைப் பறிக்கும் நிலையும் உண்டு. குளோர்தாலிடோன் போன்ற நீர்ப்பெருக்கிகள் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரில் போக்கிவிடுகின்றன. ஒமிப்ரசோல் முதலிய அமிலத் தடுப்பு மருந்துகளை நெடுங்காலம் உண்டால் மெக்னீசியம் குறையலாம். இக்குறைவுகள் டிகாக்சின் என்னும் இருதய மருந்தை உண்போருக்கு நஞ்சாக முடியும். இத்தகையோருக்குச் சத்து மாத்திரை அவசியமாதலும் கூடும். ஆனால் அதே நீர்ப்பெருக்கி கால்சியத்தைப் போகவிடாமல் நிறுத்துவதால், வைட்டமின் டி-யுடன் கால்சியத்தை மிகுதியாக உண்பவருக்கு இரத்தத்தில் கால்சியம் அளவுமீறலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கோ மெக்னீசியமே தேங்கித் தீங்கு செய்யும். ஆகவே, ‘இந்தத் தாது நல்லதா?’ என்ற கேள்விக்கு, உண்பவரின் மருந்துகளையும் சிறுநீரகத்தின் நிலையையும் அறியாமல் விடை கூற இயலாது.

இத்தனை விதிகளை முதியவர்மேல் சுமத்தினால் அவர் மருந்தையே கைவிடுவார் என்ற ஆட்சேபம் எழக்கூடும். அது நியாயமான ஆட்சேபமே. அதற்குப் பரிகாரம் விதிகளை மறைப்பதிலன்றி மாத்திரைகளைக் குறைப்பதில் உள்ளது. மருத்துவர் தேவையில்லையென்று கண்ட தாதுவை நிறுத்திவிடலாம். இரும்பு தேவைப்படுவோருக்கு, ஒரு வேளை மருந்து உட்கொண்டதும் உடலில் இரும்பின் கிரகிப்பைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் உயர்ந்து அடுத்த வேளையின் கிரகிப்பைக் குறைக்கிறதென்றும், ஒருநாள்விட்டு ஒருநாள் உண்பதால் ஒவ்வொரு வேளையிலும் கிரகிப்பு மிகுகிறதென்றும் சுவிட்சர்லாந்தில் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வு 2017இல் காட்டியது; பொருந்துமிடத்தில் மருத்துவர் அம்முறையை விதித்தால் பாதிச் சுமை தானே இறங்கும்.

இவ்வாராய்ச்சியால் தெளிவாவது இது. குடலில் மோதுவனவற்றுக்கு இடைவெளி போதும். இரத்தத்தில் கூடுவனவற்றுக்கும் குறைவனவற்றுக்கும் அளவையே வேண்டும். இவ்விரண்டையும் பகுத்துணர்வதற்கு, நோயாளி உண்ணும் சத்து மாத்திரையும், மாற்று உப்பும், வேறு முறை வைத்தியரின் ஔஷதமும் ஒரே தாளில் எழுதப்பட்டு, மருத்துவர் கையிலும் மருந்தாளுநர் கையிலும் ஒவ்வொரு முறையும் வைக்கப்படவேண்டும். மருந்தாளுநர் கால்சியம் கேட்பவரிடம் ‘வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்பதையும், பொட்டாசியத்தைத் தங்கச் செய்யும் மருந்து எழுதும் மருத்துவர் அதே சீட்டில் பரிசோதனைத் தேதியையும் எழுதுவதையும் நாம் தொழில் தர்மமாகவே கொள்ளவேண்டும். இவற்றுக்குப் புதிய கருவியோ பெரும் செலவோ தேவையில்லை. கேட்கிற வழக்கமும் எழுதுகிற வழக்கமும் வேரூன்றினால், தவிர்க்கக்கூடிய இத்தீங்குகளிற் பெரும்பகுதி தவிர்க்கப்படும்.