மாடுபிடி வீரராகணுமா? உடம்பு, நுட்பம், மனசு... மூன்றையும் தயார்படுத்துவது எப்படி?

புதுக்கோட்டையில் இருந்து காரைக்குடி போகிற சாலையில், கோட்டைக்குப் பேர்போன ஊர் திருமயம். பொங்கல் நெருங்கினால் இந்த வட்டாரத்தில் பேச்செல்லாம் காளையைப் பற்றித்தான். தமிழ்நாட்டிலேயே அதிக வாடிவாசல்கள் உள்ள மாவட்டம் புதுக்கோட்டை. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக நடக்கும் தச்சங்குறிச்சியும் இதே மாவட்டம்தான்.

களத்துக்கு வரும் காளைக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறார்கள். கண்மாயில் நீச்சல், காலையில் நடை, மண்மேட்டைக் கொம்பால் குத்த விடுவது, பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம் என்று தனித் தீவனம் வேறு. அந்தக் காளையைப் பிடிக்கப் போகும் இளைஞருக்கு என்ன பயிற்சி? பல பேர் பெயரைப் பதிவு செய்வதோடு சரி, தைரியம் மட்டும் போதும்னு களத்தில் இறங்கிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். மாடு பிடிப்பது வெறும் வீரம் இல்லை, கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு விளையாட்டு. எதைக் கற்கணும்? எப்படிக் கற்கணும்? பார்ப்போம்.

எந்தக் களம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

எல்லாவற்றையும் 'ஜல்லிக்கட்டு' என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் திருமயம் சுற்றுவட்டாரத்தில் நடப்பது ஒரே வகை விளையாட்டு இல்லை. களம் மாறினால் பயிற்சியும் மாறும்.

• வாடிவாசல் ஜல்லிக்கட்டு: குறுகலான வாசல் வழியாகக் காளை சீறி வரும். வெளியே காத்திருப்பவருக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். வேகமும் பிடியும் முக்கியம்.

• வடமாடு: காளையை நீளமான வடத்தில் கட்டி வட்டமான களத்தில் விடுவார்கள். பெரும்பாலும் 9 பேர் கொண்ட அணி, குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் திமிலைப் பிடித்து அடக்கணும். முடியாவிட்டால் காளைக்கு வெற்றி. நேர அளவு ஊருக்கு ஊர் மாறும். இங்கே மூச்சும் அணியின் ஒற்றுமையும் முக்கியம்.

• மஞ்சுவிரட்டு: தொழுவில் இருந்தோ, திறந்த பொட்டலிலோ காளைகளை அவிழ்த்துவிடுவார்கள். சிவகங்கை மாவட்டம் சிராவயல் மஞ்சுவிரட்டு இதற்குப் பேர்போனது. பொட்டலில் விடப்படும் கட்டுமாடுகள் எந்தப் பக்கம் இருந்தும் வரலாம். ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று முதுகுப்பக்கம் வந்துவிடும். சுற்றிலும் கண் வைத்திருக்கணும்.

புதிதாக வருபவர்கள் நேராக வாடிவாசல் முன்னால் போய் நிற்பதைவிட, அனுபவமுள்ள வடமாடு அணியோடு சேர்ந்து பழகுவது நல்லது. மாடு எப்படித் திரும்பும், எப்போது நிற்கும் என்று அருகில் இருந்து பார்க்கிற வாய்ப்பு அதில்தான் அதிகம்.

விதி என்ன சொல்லுது?

2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினா தொடங்கி மாநிலம் முழுக்க இளைஞர்கள் திரண்டார்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஜல்லிக்கட்டு மட்டுமல்ல, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா எல்லாமே இந்தச் சட்டத்துக்குள் வரும். ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கும் இடங்களில் மட்டுமே நடத்தலாம்.

வீரர்கள் மனதில் வைக்க வேண்டியவை:

• திமிலை மட்டுமே பிடிக்கணும். கொம்பு, வால், கால் எதையும் தொடக்கூடாது.
• திமிலைப் பிடித்தபடி 15 மீட்டர், அல்லது 30 நொடி, அல்லது காளையின் மூன்று துள்ளல். அதற்கு மேல் தேவையில்லை.
• வாடிவாசலில் காளை வெளியே வரும் வழியை மறிக்கக்கூடாது.
• மருத்துவப் பரிசோதனையில் தகுதி பெற்றால்தான் களம். மது அருந்தியிருந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இந்த விதிகளைக் கவனித்தால் ஒன்று புரியும். காளையைக் கீழே சாய்ப்பது இந்த விளையாட்டின் நோக்கமே இல்லை. சில நொடிகள் அதோடு ஒட்டிக்கொண்டு போவதுதான். 'ஏறு தழுவுதல்' என்ற பழைய பெயரிலேயே அது இருக்கு. தழுவுறதுன்னா அணைக்கிறது. இன்றும் இந்தப் பக்கம் 'மாடு அணையுறது' என்றுதான் சொல்வார்கள். உங்கள் பயிற்சியும் அதற்கு ஏற்றபடிதான் இருக்கணும்.

உடம்பு: பெரிய புஜம் போதாது

சில நூறு கிலோ எடையுள்ள காளையை எந்த மனிதனும் பலத்தால் நிறுத்த முடியாது. அதனால் ஜிம்மில் நெஞ்சையும் புஜத்தையும் மட்டும் ஏற்றிக்கொண்டு வருவதில் பெரிய பயன் இல்லை. இதற்குத் தேவைப்படுவது வேறு.

• பிடி: திமில் என்பது தசையும் கொழுப்பும் சேர்ந்த மேடு. வியர்வையில் வழுக்கும். கயிறு ஏறுவது, கம்பியில் தொங்குவது, புல்-அப்ஸ் ஆகியவை விரல், முன்கை, முதுகு மூன்றையும் ஒன்றாகப் பலப்படுத்தும்.

• குறு ஓட்டம்: 5 கிலோமீட்டர் மெதுவாக ஓடுவதைவிட, 15 முதல் 20 மீட்டர் தூரத்தை முழு வேகத்தில் ஓடி, நின்று, மறுபடி ஓடுவது பயன் தரும். களம் மண், அல்லது தேங்காய் நார் பரப்பிய தரை. அதனால் வயலிலோ ஆற்று மணலிலோ ஓடிப் பழகுங்க.

• பக்கவாட்டு அசைவு: கபடி ஆடியவர்களுக்கு இது இயல்பாக வரும். முன்னால் ஓடுவதைவிட ஓரமாக விலகுவதுதான் உயிரைக் காப்பாற்றும். கபடியை விட நல்ல பயிற்சி கிராமத்தில் வேறு கிடைக்காது.

• இடுப்பும் தொடையும்: காளை சுழலும்போது உடம்பு துணி மாதிரி வீசப்படும். பஸ்கி, பிளாங்க் போன்ற பயிற்சிகள் இடுப்பை உறுதியாக வைக்கும்.

• விழும் பயிற்சி: பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு உடையும். தோளில் வாங்கி உருளப் பழகணும்.

குறைந்தது மூன்று மாதமாவது இந்தப் பயிற்சி வேண்டும். போட்டிக்கு முந்தின ராத்திரி தூக்கம் கட்டாயம். காலையில் எளிதாகச் செரிக்கும் உணவு, போதுமான தண்ணீர். டிடி ஊசி எப்போது போட்டோம் என்று தெரியாவிட்டால் முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

நுட்பம்: பிடிக்கிறதை விட நிக்கிறது முக்கியம்

காளைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. கிட்டத்தட்ட சுற்றிலும் அதற்குத் தெரியும். நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் முன்னால் மிக அருகிலும்தான் சரியாகத் தெரியாது. சிவப்பு நிறம் அதைக் கோபப்படுத்துவதில்லை. அசைவுதான் அதை இழுக்கும். தேவையில்லாமல் கையை வீசிக்கொண்டு நிற்பவர்தான் முதல் இலக்கு.

1. நிற்கும் இடம்: வாடிவாசலுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். ஓரமாக நின்றால் காளையின் கொம்பு உங்களைத் தாண்டின பிறகு திமில் கைக்கு வரும்.

2. காளையைப் படிப்பது: சில காளைகள் அம்பு மாதிரி ஓடிவிடும். சில காளைகள் வாசலைத் தாண்டியதும் சுழன்று நின்று விளையாடும். எந்தப் பக்கம் திரும்புகிறது, தலையைத் தாழ்த்துகிறதா என்று முதல் இரண்டு அடியிலேயே தெரிந்துவிடும். நின்று விளையாடும் மாட்டைப் புதியவர் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

3. அணைவது: பக்கவாட்டில், கொம்புக்குப் பின்னால் இருந்து நெருங்கணும். இரண்டு கையும் திமிலைச் சுற்றிப் பூட்டு மாதிரி விழணும். நெஞ்சு காளையின் உடம்போடு ஒட்டணும். இடைவெளி விட்டால் அந்த இடைவெளியில்தான் கொம்பு வரும். தலை கொம்புப் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. கால் காளையின் காலுக்கு அடியில் போகவே கூடாது.

4. விடுவது: பிடிக்கக் கற்ற அளவுக்கு விடவும் கற்கணும். எல்லையைத் தாண்டியதும் காளையின் பின்பக்கமாக, பக்கவாட்டில் விலகுங்கள். முன்பக்கம் இறங்கினால் நீங்களே கொம்புக்கு நேராகப் போகிறீர்கள்.

இன்னொன்று, முதலில் அவிழ்க்கப்படும் கோயில் காளையை யாரும் பிடிக்க மாட்டார்கள். அது மரியாதை.

மனசு: விடுறது தோல்வி இல்ல

கோல்ஃப் வீரர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு முறையும் பந்தை அடிக்கும் முன் ஒரே மாதிரி நிற்பார்கள், ஒரே மாதிரி மூச்சு விடுவார்கள், மட்டையை ஒரே மாதிரி அசைத்துப் பார்ப்பார்கள். கூட்டத்தின் சத்தத்தை மறந்து அடுத்த அடியில் மட்டும் மனதை வைக்க அது உதவும். மாடுபிடி வீரருக்கும் அப்படி ஒரு பழக்கம் தேவை. காளை வரும் முன் மெதுவாக இரண்டு மூச்சு. பிறகு மூன்று கேள்விகள்: இந்த மாடு எனக்கு ஏற்றதா? நான் நிற்கும் இடம் சரியா? தப்பிக்கிற வழி எந்தப் பக்கம்? ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் மாட்டை விட்டுவிடுங்கள்.

சொல்வது எளிது, களத்தில் கடினம். மைக்கில் ஊர்ப் பெயர் சொல்கிறார்கள். பைக், கார் என்று பரிசு கண்முன் நிற்கிறது. நண்பன் செல்போனில் வீடியோ எடுக்கிறான். 'பிடிடா' என்று பின்னால் ஒரு குரல். விபத்து நடப்பது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான். ஒரு மாட்டைத் தவறவிட்ட கோபத்தோடு அடுத்த மாட்டுக்குப் போவதும் அப்படித்தான். தவறவிட்டால் ஒரு சுற்று ஒதுங்கி நில்லுங்கள்.

பயம் இருக்கிறதா? இருக்கட்டும். பயம்தான் கண்ணைத் திறந்து வைக்கும். பயமே இல்லை என்று சொல்பவர் பக்கத்தில் நிற்காமல் இருப்பதுதான் நல்லது!

விழுந்துட்டா, குத்துப்பட்டா?

கீழே விழுந்தால் உடனே எழுந்து ஓட வேண்டாம். குப்புறப் படுத்து, கைகளால் தலையையும் கழுத்தையும் மூடி அசையாமல் இருக்கணும். காளை விலகிய பிறகு எழலாம். பழகிய வீரர்கள் சொல்லும் முதல் பாடம் இது. ஆனால் இதற்கும் உத்தரவாதம் கிடையாது.

கொம்புக் காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். தொடை, இடுப்பு, வயிறு ஆகியவை ஆபத்தான இடங்கள். தொடையின் உட்பக்கம் பெரிய ரத்தக்குழாய் போகிறது. அங்கே ரத்தம் பீய்ச்சினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்கணும். துணி நனைந்தால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். வயிற்றுக் காயத்தில் குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளக்கூடாது. ஈரமான சுத்தத் துணியால் மூடுங்கள். குடிக்கத் தண்ணீர் தரக்கூடாது. மஞ்சளோ காபித்தூளோ வைத்து நேரத்தைக் கடத்தாமல் களத்தில் இருக்கும் மருத்துவக் குழுவிடமோ 108 ஆம்புலன்ஸிலோ ஒப்படையுங்கள்.

கவசம் அணிந்தால் என்ன?

அமெரிக்காவின் ரோடியோ காளைச் சவாரியில் 1989-ல் லேன் ஃப்ராஸ்ட் என்ற சாம்பியன் வீரர் காளை தாக்கி இறந்தார். அதன் பிறகுதான் அங்கே நெஞ்சுக் கவசம் பரவலானது. பிரான்ஸின் தென்மேற்கில் பசுவோடு ஆடும் பாரம்பரிய விளையாட்டில் கொம்பு நுனியை மூடிவிடுகிறார்கள். நம்மிடம் இன்னும் டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும்தான். திமிலை அணைக்கத் தடையில்லாத, லேசான கவசம் பற்றி இங்கேயும் பேச வேண்டிய நேரம் இது.

பார்க்கப் போறவங்களுக்கு

2019 ஜனவரி 20-ல் இதே மாவட்டத்தின் விராலிமலையில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டு உலக சாதனை படைக்கப்பட்டது. அதே நாளில் இரண்டு பார்வையாளர்கள் காளை முட்டி உயிரிழந்தார்கள். களத்தில் இருப்பவருக்காவது மாடு வருவது தெரியும். வேடிக்கை பார்ப்பவருக்கு அதுவும் தெரியாது. தடுப்புக்கு உள்ளே நில்லுங்கள். காளைகளைப் பிடித்துக் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். சிறுவர்களைப் பொட்டலுக்கு அழைத்துப் போகவே வேண்டாம்.

ஒரு காளை வருடம் முழுக்க உழைத்துத் தயாராகி வருகிறது. எதிரே நிற்பவரும் அதே அளவு தயாராகி வந்தால்தான் அது சரிசமமான போட்டி. இந்த ஆண்டு உடம்பு தயார் இல்லையா? கேலரியில் உட்கார்ந்து மாடுகளைப் படியுங்கள். வாடிவாசல் எங்கும் போகாது, அடுத்த தையும் வரும்.